வன்தட்டுகளின் கூட்டுப் பொறுப்பு

நம் வாடிக்கையாளர்களில் தொழில் செய்வோர் பெரும்பாலானோர் இன்று கணக்குகளைக் கணினியிலேயே வைத்திருக்கின்றனர். கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, ஜிஎஸ்டி விவரங்கள் ஆகிய யாவும் ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் வன்தட்டு ஒன்றில் அடங்கிவிடுகின்றன. கேஷ் கிரெடிட் எனப்படும் ரொக்கக் கடன் பெற்றவர் மாதந்தோறும் வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையும் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த வன்தட்டு ஒரு நாள் காலையில் இயங்க மறுத்தால், கிடங்கில் சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கான சான்று இருக்காது. பணம் எடுக்கும் வரம்பைக் கணக்கிட வங்கியிடமும் ஆதாரம் இராது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஓராண்டுக்குரிய கணக்குகளை, அவ்வாண்டின் ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்தாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், நிறுவனங்கள் தம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கப் பணிக்கிறது. ‘வன்தட்டு பழுதாகிவிட்டது’ என்ற விளக்கம் இவ்விடங்களில் எளிதில் எடுபடாது.

பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் பணி நிற்காதவாறு அமைக்கும் முறை ஒன்று உண்டு. வங்கிகளும் பெருநிறுவனங்களும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் இம்முறை, இப்போது சிறு அலுவலகங்களும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது, எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒற்றைத் தட்டின் எல்லை

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகளைக் கொண்ட சுழலும் இயந்திரம். மேசைக் கணினிகளில் பயன்படும் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 8.3 மில்லி நொடி ஆகும். நமக்கு வேண்டிய தரவு தகட்டின் எப்பக்கத்தில் உள்ளதோ, அது படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுழற்சி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு தேடலுக்குச் சுமார் 12 மில்லி நொடி. ஆகவே, வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் தரவுகளை நொடிக்கு எண்பது முறைக்குச் சற்று கூடுதலாகவே ஒரு தட்டினால் தேடித் தர இயலும். ஒருவர் வேலை செய்யும் கணினிக்கு இது போதும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பு விசாரிக்கும் அமைப்புக்கு எவ்விதத்திலும் போதாது.

மேலும், ஓயாது சுழலும் எந்த இயந்திரமும் ஒரு நாள் தேய்ந்து நிற்கும். சுழலும் பாகங்கள் இல்லாத ‘எஸ்எஸ்டி’ வகைச் சேமிப்பகம் பன்மடங்கு வேகமானது. எனினும் அதற்கும் ஆயுள் வரம்பு உண்டு. முன்னறிவிப்பின்றிச் செயலிழப்பதும் உண்டு.

1988இல் பிறந்த கருத்து

‘ரெய்டு’ என்றதும் நம்மில் பலருக்கு வருமான வரித் துறையே நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசும் ரெய்டு வேறு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது. ‘ரிடன்டன்ட் அர்ரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. விலை குறைந்த வன்தட்டுகளைத் தேவைக்கு மேல் சில கூடுதலாகச் சேர்த்து அமைத்த அணி என்பது அதன் பொருள். பிற்காலத்தில் ‘விலை குறைந்த’ என்ற சொல்லின் இடத்தில் ‘தனித்தனியான’ என்ற சொல் வந்து அமர்ந்தது.

அக்காலப் பெருங்கணினிகள் ஐபிஎம் 3380 போன்ற, விலை மிகுந்த பெரும் வன்தட்டுகளை நம்பியிருந்தன. அதே வேளையில், தனிநபர் கணினிகளுக்காக 100 மெகாபைட் கொள்ளளவுள்ள சிறு வன்தட்டுகள் சந்தைக்கு வந்திருந்தன. பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய தட்டுகள் பலவற்றை ஒருசேர இயக்கினால் வேகம் பெருகும் என்று அம்மூவரும் எடுத்துரைத்தனர். அதிலுள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் உள்ள தட்டுகளில் 100 தட்டுகளைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் சராசரிக் காலம் 300 மணி நேரமாகக் குறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கும் குறைவு! எனவே ஒன்று போனாலும் மற்றவை ஈடுகட்டும் ஏற்பாடு இன்றியமையாதது என்பதே அவர்கள் வாதத்தின் உயிர்நாடி. அவர்கள் ஐந்து நிலைகளை வகுத்தனர். 0, 6 ஆகிய நிலைகள் பின்னர் சேர்ந்தன. இன்று நடைமுறையில் முக்கியமானவற்றை மட்டும் காண்போம்.

நிலை 0: வேகம் மட்டும்

ஒரு கட்டுப் பணத்தை ஒரே காசாளர் எண்ணுவதைவிட, நான்கு காசாளர்கள் பகிர்ந்துகொண்டால் விரைவில் முடியும். நிலை 0 அவ்வாறே ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, நான்கு தட்டுகளிலும் மாறி மாறி எழுதுகிறது. படிக்கும்போதும் நான்கும் ஒருசேர உழைக்கும்.

ஆனால் நால்வரில் ஒருவர் தம் பங்குடன் காணாமற்போனால் மொத்தக் கணக்கும் முடியாது. எடுத்துக்காட்டாக, ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று கொள்வோம். நான்கு தட்டுகளில் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 8 ஆகிவிடும். ஒன்று போனால் நான்கிலும் உள்ள தரவு போய்விடும். ஆகவே கணக்குப் புத்தகங்களுக்கு இந்நிலை உகந்ததன்று.

நிலை 1: கண்ணாடிப் படி

இதில் ஒரு தட்டில் எழுதும் ஒவ்வொன்றும் அதே கணத்தில் இரண்டாம் தட்டிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது பணியைத் தொடரும். 4 டெராபைட் தட்டுகள் இரண்டை வாங்கினாலும் கிடைக்கும் இடம் 4 டெராபைட் மட்டுமே. பாதி இடம் பாதுகாப்புக்கான செலவாகிறது.

மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி, இரண்டு தட்டுகளும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 10,000இல் 4. முதல் தட்டை உடனே மாற்றிவிட்டால் இடர் இன்னும் குறையும். ஆனால் இக்கணக்கு, ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. கடன் வழங்கும்போது இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்று கேட்கும் நாங்கள், இருவரும் ஒரே கடையின் வருமானத்தை நம்பியிருப்பவர்களாக இருந்தால் தயங்குவோம். கடை மூடினால் இருவரும் சேர்ந்தே விழுவர். ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த, ஒரே நாளில் இயங்கத் தொடங்கிய, ஒரே மின் இணைப்பில் உள்ள இரு தட்டுகளும் அத்தகைய ஜாமீன்தாரர்களே. ஒரு மின் அதிர்ச்சி இரண்டையும் ஒருங்கே வீழ்த்தக்கூடும்.

நிலை 5: விடுபட்டதைக் கூட்டுத்தொகை சொல்லும்

பாதி இடத்தை இழக்காமல் பாதுகாப்புப் பெற முடியுமா? முடியும். பேரேடு பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். மூன்று பதிவுகள்: ₹4,200, ₹1,850, ₹3,600. மொத்தம் ₹9,650. இவற்றுள் இரண்டாம் பதிவின் மீது மை கொட்டி அழிந்துவிட்டது என்று கொள்வோம். மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் ₹1,850 என்று தெரிந்துவிடும். மூன்று பதிவுகளுக்கும் தனித்தனியே படி எடுத்து வைக்காமல், ஒரே ஒரு கூட்டுத்தொகையால் எந்த ஒரு பதிவையும் மீட்கலாம்.

நிலை 5 இவ்வாறே இயங்குகிறது. கணினி 0, 1 ஆகிய இரு இலக்கங்களையே அறியும் என்பதால், அதன் கூட்டல் இன்னும் எளியது. மூன்று தட்டுகளில் ஒரே வரிசையில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் நான்காம் தட்டில் 1 எழுதும். இரட்டைப்படையானால் 0 எழுதும். இதனைப் ‘பாரிட்டி’ என்பர். 1, 0, 1 என்றிருந்தால் பாரிட்டி 0. முதல் தட்டு பழுதாகி 0, 1, 0 மட்டும் எஞ்சினாலும், நான்கிலும் சேர்த்து 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதால் தொலைந்தது 1 என்று தெரிகிறது. இக்கணக்கைக் கோடிக்கணக்கான முறை செய்து, புதிதாகப் பொருத்திய தட்டில் பழைய தரவு முழுவதையும் கணினி மீண்டும் எழுதிவிடும்.

பாரிட்டி முழுவதையும் ஒரே தட்டில் வைத்தால், ஒவ்வொரு பதிவுக்கும் அத்தட்டைத் திருத்த வேண்டி வந்து அங்கே நெரிசல் ஏற்படும். ஆகவே நிலை 5இல் அது எல்லாத் தட்டுகளிலும் பகிர்ந்து வைக்கப்படுகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. பேரேட்டில் ஒரு பதிவைத் திருத்தினால் மொத்தத்தையும் திருத்த வேண்டும். அதுபோலச் சிறிய மாற்றம் ஒன்றை எழுத, பழைய தரவைப் படித்தல், பழைய பாரிட்டியைப் படித்தல், புதிய தரவை எழுதுதல், புதிய பாரிட்டியை எழுதுதல் என நான்கு வேலைகள் ஆகின்றன.

நிலை 6: இரண்டாம் கூட்டுத்தொகை

பேரேட்டில் இரண்டு பதிவுகள் அழிந்துவிட்டால், ஒரு கூட்டுத்தொகையால் பயனில்லை. இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்பது தெரியும். தனித்தனியே எவ்வளவு என்பது தெரியாது. அதற்காக இன்னொரு தொகையையும் குறித்து வைப்போம். முதல் பதிவை 1ஆலும், இரண்டாவதை 2ஆலும், மூன்றாவதை 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் ₹4,200, ₹3,700, ₹10,800 சேர்ந்து ₹18,700.

இப்போது முதல் இரண்டு பதிவுகளும் அழிந்தாலும் அச்சமில்லை. முதல் தொகையிலிருந்து ₹3,600ஐக் கழித்தால் ₹6,050. இரண்டாம் தொகையிலிருந்து ₹10,800ஐக் கழித்தால் ₹7,900. இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய ₹1,850 இரண்டாம் பதிவு. எஞ்சிய ₹4,200 முதல் பதிவு. கணினி இதற்கு வேறு வகைக் கணிதத்தைப் பயன்படுத்தினாலும் தத்துவம் இதுவே. நிலை 6இல் எந்த இரண்டு தட்டுகள் பழுதானாலும் தரவு தப்பும்.

நிலை 10: வேகமும் பாதுகாப்பும்

தட்டுகளை இரண்டிரண்டாகக் கண்ணாடிப் படிகளாக்கி, அந்த இணைகளிடையே தரவைப் பகிர்ந்து எழுதுவது நிலை 10. கூட்டுத்தொகைக் கணக்கு இதில் இல்லை என்பதால் எழுதும் வேகம் குறைவதில்லை. நொடிதோறும் பதிவுகள் மாறிக்கொண்டிருக்கும் தரவுத்தளங்களுக்கு இதனையே பரிந்துரைப்பது வழக்கம்.

4 டெராபைட் தட்டுகள் நான்கை வாங்கும் ஒருவருக்குக் கிடைப்பவை பின்வருமாறு:

• நிலை 0: இடம் 16 டெராபைட். ஒரு தட்டு பழுதானாலும் எல்லாம் போகும்.
• நிலை 5: இடம் 12 டெராபைட். ஒரு தட்டின் பழுதைத் தாங்கும்.
• நிலை 6: இடம் 8 டெராபைட். எந்த இரண்டு தட்டுகளின் பழுதையும் தாங்கும்.
• நிலை 10: இடம் 8 டெராபைட். ஒரு தட்டின் பழுதை உறுதியாகத் தாங்கும். இரண்டாவது தட்டு அதே இணையைச் சேர்ந்ததாக இல்லாவிடில் அதையும் தாங்கும்.

மீட்டெடுக்கும் மணிகள்

பழுதான தட்டைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் புதியதைப் பொருத்தும் வசதி பல அமைப்புகளில் உண்டு. என்இஎஃப்டி 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் ஆண்டின் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. இரவில் கடையை மூடிப் பழுது பார்ப்பது என்பது இனி வங்கிகளுக்கு இல்லை. வாடிக்கையாளர் நள்ளிரவில் பணம் அனுப்பும் அதே வேளையில் தரவு மையத்தில் ஒரு தட்டு மாற்றப்பட்டுக்கொண்டிருக்கலாம். அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எனினும் புதிய தட்டில் தரவு முழுவதும் மீண்டும் எழுதப்படும் வரை பாதுகாப்பு குன்றியே இருக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 8 டெராபைட் தட்டு நிரம்ப ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். நாள்வேலையும் கூடவே நடந்தால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் மீதமுள்ள தட்டுகள் கடுமையாக உழைக்க நேர்கிறது. நிலை 5இல் அப்போது இன்னொரு தட்டும் பழுதானால் தரவு மீளாது. தட்டுகளின் கொள்ளளவு பெருகப் பெருக, பலர் நிலை 6ஐ நாடுவதற்கு இதுவே காரணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து கவனக்குறைவு. ஒரு தட்டு பழுதானாலும் பணி தடையின்றி நடப்பதால், எச்சரிக்கை விளக்கு எரிவதை எவரும் பார்க்காமல் மாதங்கள் கடந்துவிடலாம். பிறகு இரண்டாவது தட்டும் நிற்கும் நாளில்தான் செய்தி தெரியவரும்.

ரெய்டு காக்காதவை

இக்கட்டுரையில் வாசகர்கள் மறவாமல் மனத்தில் இருத்த வேண்டிய பகுதி இதுவே. தட்டின் பழுதினால் பணி நிற்காமல் காப்பது ரெய்டு. தரவு அழியாமல் காப்பது வேறு பணி.

கண்ணாடிப் படி நல்லதையும் கெட்டதையும் வேறுபாடின்றிப் படியெடுக்கும். கணக்காளர் தவறுதலாக ஓராண்டுக் கோப்பை நீக்கினால், அதே நொடியில் இரண்டு தட்டுகளிலும் அது நீங்கும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய ‘வானாக்ரை’ போன்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் நுழைந்தால், எத்தனை தட்டுகள் இருந்தாலும் எல்லாவற்றையும் பூட்டிவிடும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் புகும் அறையில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கு தட்டுகளும் ஒருங்கே மூழ்கும்.

வங்கிக் கிளையின் காப்பறையை ஒருவர் தனியே திறக்க இயலாது. இருவரிடம் சாவிகள் இருக்கும். இது அன்றாடப் பாதுகாப்பு. இதனோடு மாற்றுச் சாவித்தொகுதி ஒன்றும் உண்டு. அது அக்கிளையிலேயே இருப்பதில்லை. வேறொரு கிளையின் பாதுகாப்பில் வைக்கப்படுகிறது. வங்கிகள் தரவுக்கும் இதே நெறியைக் கைக்கொள்கின்றன. தரவு மையத்துக்குள் ரெய்டு அமைப்பு. அதற்கு அப்பால், தொலைவிலுள்ள வேறு நகரில் பேரிடர் மீட்பு மையம். இவற்றுக்கும் அப்பால் தனியே எடுத்து வைக்கும் காப்புப் படிகள். அந்த வேறு நகரம் அதே நிலநடுக்கத்தாலோ வெள்ளத்தாலோ பாதிக்கப்படாததாக இருக்க வேண்டும் என்பதும் கருத்தில் கொள்ளப்படுகிறது.

காப்புப் படி இருந்தால் மட்டும் போதாது. அது உயிருடன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் பெருமளவு அழிந்தன. காப்புப் படியை நாடியபோது அது முறையாக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சூஸ்மன், குழந்தையைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்தே பணிபுரிவதற்காக ஒரு படியை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். படத்தை மீட்க அதுவே உதவியது. அலுவலகத்துக்கு வெளியே இருந்த ஒரே ஒரு படியின் மதிப்பு அது.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

1. சிறு அலுவலகத்துக்கு இரண்டு தட்டுகள் கொண்ட நிலை 1 அமைப்பே பெரும்பாலும் போதுமானது. ‘நாஸ்’ எனப்படும், வலையமைப்பில் இணையும் சேமிப்புப் பெட்டிகளில் இவ்வசதி உண்டு. நான்கு தட்டுகளுக்கு மேல் தேவைப்பட்டால் நிலை 6ஐயோ நிலை 10ஐயோ தொழில்நுட்பரிடம் கேட்கலாம்.

2. இடைவிடாது இயங்குவதற்கென்று தயாரிக்கப்பட்ட தட்டுகளையே வாங்க வேண்டும். இயன்றால் இரண்டையும் வெவ்வேறு கடைகளில் அல்லது வெவ்வேறு மாதங்களில் வாங்கலாம். யுபிஎஸ் இணைப்பு இன்றியமையாதது.

3. தட்டு பழுதானால் மின்னஞ்சலில் எச்சரிக்கை வரும்படி அமைத்து, அம்மின்னஞ்சலைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மாற்றுத் தட்டு ஒன்றையும் வாங்கி வைத்திருப்பது நலம்.

4. தரவு மூன்று படிகளாக, இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் ‘3-2-1’ நெறி. படி எடுத்து முடிந்ததும் வெளிப்புற வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இணைப்பிலேயே இருந்தால் தீநிரல் அதையும் பூட்டும்.

5. மாதம் ஒரு முறை எடுக்கும் படியைக் கடவுச்சொல்லால் பூட்டி, கிளையிலுள்ள உங்கள் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாம். நகைக்கும் பத்திரத்துக்கும் அருகில் ஒரு சிறு தட்டுக்கு இடம் இருக்கும்.

6. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காப்புப் படியிலிருந்து ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

7. மின்னணு முறையில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், இந்தியாவில் அமைந்துள்ள சர்வரில் நாள்தோறும் காப்புப் படி வைக்க வேண்டும் என்று 2022இல் நிறுவனங்கள் கணக்கு விதிகள் திருத்தப்பட்டுள்ளன. இது குறித்து உங்கள் தணிக்கையாளரிடம் கலந்துகொள்ளுங்கள்.

கடன் கணக்கு வைத்துள்ள வாடிக்கையாளர்கள் தம் கட்டடத்துக்கும் சரக்குக்கும் காப்பீடு எடுத்துள்ளனரா என்று நாங்கள் தவறாது கேட்கிறோம். அந்தச் சரக்கின் அளவையும் வரவேண்டிய பாக்கியையும் மெய்ப்பிக்கும் தரவுக்கும் அதே அக்கறை தேவை. அடுத்த சரக்கிருப்பு அறிக்கையைக் கிளைக்கு அனுப்பும் நாளிலேயே ஒரு காப்புப் படியையும் எடுத்துத் தனியே வைக்கும் வழக்கத்தைத் தொடங்குமாறு வாடிக்கையாளர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.